ஐந்து பேர் சேரட்டும்

அந்த ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி போடுகிற நர்சுக்கு வாய் நீளம், கை பஞ்சு. ஊசி ஏறியதே தெரியாது, அவள் திட்டுவதுதான் வலிக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஊசியக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நாயைச் சீண்டிக் கடி வாங்கி வந்தவனை, "நாய் தப்பிச்சுதா பாவம்?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையை மடக்கச் சொல்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொட்டு மருந்தை வீணாக்கியதில்லை. ஒரு குப்பியை உடைத்தால் ஐந்து பேருக்குப் போடலாம்; உடைத்த சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்காவிட்டால் மிச்சம் குப்பைக்குத்தான் போகும். அதனால் ஐந்து பேர் சேரும்வரை குப்பியை எடுப்பதில்லை என்று அவளாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். யாரையும் காக்க வைக்காதே என்று டாக்டர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாளைக்கு மருந்து தீர்ந்துபோனால் இவரா சுமந்துகொண்டு வரப் போகிறார் என்று அவள் மனசுக்குள் முணுமுணுத்ததோடு சரி.

ஒரு சனிக்கிழமை, கதவை மூடுகிற நேரத்தில் ஒரு பெயிண்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும், முழங்கால்வரை வெள்ளைச் சொட்டு. குதிகாலுக்கு மேலே இரண்டு பல் பதிந்திருந்தது.

"குட்டி நாய்தான்க்கா. புதுக் கட்டிடத்து வாசல்ல காலை நக்கிட்டே இருந்துச்சு, சட்டுன்னு கடிச்சிருச்சு."

"ரத்தம் வந்துச்சா?"

"ரெண்டு பொட்டு."

"சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க. திங்கட்கிழமை காலையில வாங்க, அஞ்சு பேர் சேரட்டும். உங்க ஒருத்தருக்காக உடைக்க முடியாது."

"நல்லதாப் போச்சு. எனக்கு ஊசின்னாலே உதறும்" என்று சிரித்தபடி அவர் போய்விட்டார். ஊசி போடாதவர்களைப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் இல்லாததால் பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஊசியக்காவும் மறந்துபோனாள்.

பத்து நாள் கழித்து ஒரு ஆட்டோக்காரர் தன் கடிக்கு ஊசி போட வந்தவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "என்னைக் கடிச்சது, அந்தப் புதுக் கட்டிடத்து வாசல்ல திரியுமே, அந்தக் குட்டிதான்க்கா. வாயில நுரை தள்ளிச் செத்தே போச்சு."

அவளுக்கு அந்தப் பெயிண்டரின் குதிகால் ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு வெறிநாய்க்கடி வெறும் பயம். இவளுக்கோ கணக்காகத் தெரியும். வெறிநாய்க் கிருமி ரத்தத்தில் ஓடாது. கடித்த இடத்துச் சதையில் கொஞ்ச நாள் குடியிருந்து பெருகும். பிறகு நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையைப் பார்த்து ஏறும். ஏறுகிற வாரங்களில் காய்ச்சலும் கிடையாது, வலியும் கிடையாது; ஆள் சாப்பிடுவான், சிரிப்பான், வேலைக்குப் போவான். அதற்குள் ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து எச்சிலுக்கு இறங்கி அடுத்த கடிக்குத் தயாராகிவிடும். அப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் ஆகாது.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. பஸ்ஸில் ஏறினால் முன்னால் நிற்பவர்களின் குதிகாலைத்தான் பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. வீட்டுக்காரர் தையல்காரர், மத்தியானம் அசந்து படுத்திருந்தவரின் குதிகாலிலிருந்து பிடரிவரை அவருடைய டேப்பையே வைத்து அளந்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "என்ன, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள். "நான் மருந்தைத்தாங்க காப்பாத்தினேன். மனுஷனை விட்டுட்டேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "கால்லதானே கடி? தூரம் இருக்கு. அழுதுட்டு இருக்காம போய்த் தேடு."

தேடினாள். அந்தப் புதுக் கட்டிடத்தில் வேலை முடிந்து ஆட்கள் கலைந்துபோயிருந்தார்கள். டூட்டி முடிந்ததும் பெயிண்ட் கடை கடையாக ஏறி இறங்கினாள். எந்தக் கட்டிடத்தில் சாரம் கட்டியிருந்தாலும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். புருஷனைத் தேடுகிறாளோ என்று கொத்தனார்கள் கேலி செய்தார்கள். திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கடிபட்டு எத்தனை நாள் என்று மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபது ஆயிற்று, முப்பதும் ஆயிற்று.

நாற்பத்து நாலாம் நாள், ஒரு பள்ளிக்கூடச் சுவரில் மூன்றாவது மாடி உயரத்தில் அவர் நின்றிருந்தார்.

"அட, ஊசியக்கா" என்று மேலிருந்தே குரல் கொடுத்தார். "அஞ்சு பேர் சேர்ந்தாச்சா?"

"கீழ இறங்குங்கண்ணா. இப்பவே."

ஆட்டோவில் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார். மறுநாளே வெளியூர் வேலை வந்ததாம். புண்ணும் நாலு நாளில் ஆறிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் அவருக்கென்று மட்டும் ஒரு குப்பியை உடைத்தாள். உயிரோடு பிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் திட்டக்கூட மறந்து, இரண்டு தோளிலும் போட்டு முடித்தாள்.

"நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்கக்கா" என்றார் அவர், சட்டையை மாட்டிக்கொண்டே. "நேத்துலேர்ந்து அந்த இடம் குறுகுறுங்குது. எறும்பு ஊர்ற மாதிரி. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல."

அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். என்றைக்கோ ஆறிப்போன கடிவாய் மறுபடி குறுகுறுத்தால், கிருமி மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் வந்து பார்த்தார். குதிகாலைத் தடவிப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்கப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பெயிண்டர் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த ஊசி எப்பக்கா?"

"மூணாம் நாள். ஏழாம் நாள். அப்புறம் இருபத்தெட்டாம் நாள்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "இருபத்தெட்டாம் நாள் ஒரு வீட்டுக்கு வேலை ஒத்துக்கிட்டிருக்கேனே. ரெண்டு நாள் தள்ளி வந்தாத் தப்பா?"

"தப்பில்லண்ணா" என்றாள் ஊசியக்கா. "நீங்க எப்ப வந்தாலும் போடுறேன்."