கடுகண்ணாவ ஏற்றத்தில் வந்த தூக்கம்

அன்று வேனில் இருந்தது நான், எனக்குப் புதிதாகத் தாலி கட்டிய வீட்டுக்காரர், துணைக்கென்று ஏறிக்கொண்ட மாமியார். மிரிஸ்ஸ கடலில் திமிங்கிலம் பார்த்துவிட்டுத் தெல்தோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். திமிங்கிலம் வாலைத் தூக்கிய நேரம், வீட்டுக்காரர் படகில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

மலை வளைவுகளில் மறுபடியும் வருமோ என்று எனக்குப் பயம். கேகாலையில் தேநீருக்கு நிறுத்தியபோது, வாந்தி மாத்திரை ஒன்றை வண்டி ஓட்டுகிற அவருக்கே கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் விழுங்கினார்.

கடுகண்ணாவ ஏற்றத்தில் வேன் மெல்லப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. திரும்பிப் பார்த்தால் அவர் கண் மூடியிருந்தது.

"என்னங்க!" என்று கத்தித் தோளை உலுக்கினேன். ஓரக் கல்லில் முட்டுவதற்குள் பிரேக் பிடித்தார்.

"அது தூக்கம் வர்ற மாத்திரைன்னு தெரியும்," என்றார். "நீ மொத மொதலா ஆசையா குடுத்தது. வேணாம்னு சொல்ல மனசு வரல."

"நல்லாருக்குடா! வெஷத்தைக் குடுத்தாலும் முழுங்குவ போல," என்று தலையில் அடித்துக்கொண்ட மாமியார், பின்சீட்டை விட்டு இறங்கினார். "ரெண்டு பேரும் இங்க வாங்க. படுடா."

அவர் என் மடியில் தூங்கி எழும்வரை அங்கேயே இருந்தோம்.

இப்போது அவருக்கு எதைக் கொடுத்தாலும், "வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். வெறும் தேநீராக இருந்தாலும்.