மருந்துக்கடைக்காரரை அடித்த காலை

கொரோனா இரண்டாவது அலையில் என் மனைவிக்குத் தொற்று வந்தது. உடம்புவலியில் துடித்தவளுக்கு, காரமடையில் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை கொடுத்தார். மறுநாள் காலை அவளுக்கு மூச்சுத் திணறியது. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில், 'கொரோனாவுக்கு இபுபுரூஃபன் போட்டால் சாவுதான்' என்று ஒரு செய்தி வந்தது.

ஹெல்மெட்டோடு கடைக்கு ஓடினேன். "மூச்சு உட முடியாமக் கெடக்கறா, கொன்னுபோட்டியேடா!" என்று கத்தி, கடைக் கண்ணாடியை உடைத்து, ஹெல்மெட்டால் அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. அதைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னைய அப்புறம் அடிங்கண்ணா. மொதல்ல அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றவர், அவரே ஆம்புலன்ஸை அழைத்தார்.

கோவையில் டாக்டர், "நுரையீரல்ல தொற்று எறங்கிருச்சுங்க. அந்த மாத்திரையால கொரோனா முத்தும்ங்கறதுக்கு ஆதாரம் இல்லீங்க. அல்சர், கிட்னிக் கோளாறு மாதிரி இருக்கறவங்க டாக்டரக் கேட்டுத்தான் போடோணும். இவங்களுக்கு அதெல்லாம் இல்லீங்களே" என்றார்.

மனைவி பிழைத்து வந்ததும் கடைக்காரர் காலில் விழுந்தேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. "அக்கா எப்படிங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். புருவத்தில் ஐந்து தையல்.

இப்போது மருந்து பற்றி வரும் எந்தச் செய்தியையும் டாக்டரிடம் கேட்காமல் நம்புவதில்லை, யாருக்கும் அனுப்புவதுமில்லை. அன்று அவரை அடிக்க ஓடிய நேரத்தில், நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.