வாசலில் நட்ட சிவப்புக் கொடி

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். செடிக்குப் பூச்சிமருந்தடித்தால், 'மலை' என்று நாங்கள் சொல்லும் அந்தத் தோட்டப் பகுதியில் சிவப்புக் கொடி நட்டுவிடுவோம். கொடியை எடுக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

அந்த வருஷம் கொழுந்து மளமளவென்று வந்தது. கொடி இறங்கும்வரை காத்திருக்க மானேஜருக்குப் பொறுமை இல்லை. கொடியை முன்கூட்டியே பிடுங்கச் சொல்லி, கொழுந்தெடுக்கும் பெண்களை உள்ளே விரட்டினார். கையெல்லாம் கொப்புளம். மாசமாக இருந்த ஒருத்தி செடிக்கு நடுவிலேயே மயங்கி விழுந்தாள். என் பெயரை வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, குன்னூரில் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவருக்கு மனு போட்டேன்.

அந்தப் புண்ணியவான் என்ன செய்தார் தெரியுமா? 'தக்க நடவடிக்கைக்காக' என்று குறித்து, மனுவை அப்படியே எங்கள் மானேஜருக்கே அனுப்பிவிட்டார்! என் வேலை போயிற்று. எஸ்டேட் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது?

கூடலூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி கேட்டுப் போனேன். அங்கிருந்த மலையாளத்து வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேடிக்காதீங்க சேட்டா, உள்ளதைச் சொன்னதுக்கு ஊட்டை விட்டு இறக்க முடியாது. நான் ஸ்டே வாங்கித் தாரேன்" என்றார்.

உத்தரவு கிடைக்கவேண்டிய அன்றைக்குக் காலையிலேயே, கொட்டுகிற மழையில், எஸ்டேட் கிளார்க் ஆட்களோடு வந்துவிட்டார், சாமான்களை வெளியே எடுத்துப்போட. வந்தவர் வாசலில் அப்படியே நின்றார். கொழுந்தெடுக்கும் பெண்கள் வேலைக்குப் போகாமல் அங்கே கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு சிவப்புக் கொடி! மயங்கி விழுந்தவளின் மாமியார் நட்டது. சிலோனிலிருந்து வந்த குடும்பம்; வாய்த்துடுக்கு அதிகம்.

"மருந்தடிச்ச இடமுங்க கிளார்க்கையா. கொடி எடுக்கிற வரைக்கும் யாரும் உள்ளுக்குப் போகப்படாது. உங்க சட்டந்தானே?" என்றாள் அந்த மாமியார்.

கூட வந்தவர்களும் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆட்கள்தான். அவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிளார்க் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவரும் கொடியைத் தாண்டவில்லை.

மதியத்துக்கு மேல் வக்கீலம்மா பஸ்ஸில் வந்து, நனைந்துகொண்டே ஏறி வந்தார். கையில் தடை உத்தரவு. அதை வாங்க வேண்டிய மானேஜர் லீவு என்று கிளார்க் சாக்குச் சொன்னார். வக்கீலம்மா அசரவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினார்: விசாரணை முடியும்வரை என்னை வேலையை விட்டு நீக்கியது செல்லாது; வீட்டிலும் கை வைக்கக் கூடாது. கிளார்க் வந்த வழியே போனார்.

"இனி கொடியை எடுத்திடலாமே, சேச்சி" என்றார் வக்கீலம்மா, கொடி நட்டவளிடம்.

"இருக்கட்டும் புள்ள. மருந்து இன்னும் காயல."

விசாரணையில் உண்மை வெளியே வந்தது. என் வேலையும் நிலைத்தது. என்னைக் காப்பாற்றியது சட்டம்தான். ஆனால் அது கூடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து சேரும்வரை என் பிள்ளைகளை மழையில் நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். எந்த மலையில் சிவப்புக் கொடியைக் கண்டாலும் இன்றைக்கும் என் கை தானாகக் கும்பிடுகிறது.