தையல் கடையில் கூடிய கட்சி

போன வாரம் பாயசத்துக்கு ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தால் எங்கள் கட்சித் தலைவரின் குரல். "வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்றது. "நல்லா இருக்கேங்கய்யா, நீங்க?" என்று நானும் பதறிப்போய்க் கேட்டுவிட்டேன். அவர் என் பதிலுக்கு நிற்காமல் பேசிக்கொண்டே போனார். உங்கள் வார்டில் யார் நிற்க வேண்டும், இன்னாருக்கு ஒன்றை அழுத்தவும், இன்னாருக்கு இரண்டை அழுத்தவும் என்றபோதுதான் அது பதிவுசெய்த குரல் என்று எனக்கு உறைத்தது. பக்கத்திலிருந்த என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்த ரெண்டு பேரும் வேணாம், வேற ஒருத்தர்னு சொல்ல எதை அழுத்துறது?" என்றேன்.

"அதெல்லாம் கெடையாதும்மா."

போனை வைத்துவிட்டு மறுபடி ஏலக்காயைத் தட்டினேன். இந்த வாசனை எனக்குச் சமையலறை வாசனை இல்லை. கல்யாணத்துக்கு முந்தி நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பச்சைக் காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம், சுருங்கினது ஒரு பக்கம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தலைமுடி, தாவணி, சோற்றுத் தூக்கு எல்லாம் மணக்கும். பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூச்சை நன்றாக இழுத்துக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நான் பொறுக்கிய காயைப் பறித்தவள் என் அம்மாவாகவும் இருக்கலாம். அம்மா மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், பத்துப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் அதற்கும் மேலே நெருக்கி ஏறி, போடிமெட்டு தாண்டிக் கேரளாவில் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் இறங்குவாள். அங்கேயிருந்து வரும்போது சில மலையாளச் சொற்களையும் சேர்த்துக் கொண்டுவருவாள். போதும் என்று சொல்ல மாட்டாள், "மதி, மதி" என்பாள்.

அந்த வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தண்ணியே குடிக்க மாட்டியா?" என்று சத்தம் போட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"மலைக்கு ஏறுற அன்னைக்கு நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்லடி. ஸ்டாண்டுல ஒதுங்க எடம் ஏது? ஆம்பளைக செவுத்தோரம் நிப்பாக. நாங்க எங்கிட்டுப் போறது?"

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

அப்போது எனக்கும் அரசியலுக்கும் வெகுதூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கக் கதிரேசன் அண்ணன் கடைக்குப் போனேன். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்தவர். கட்சியின் கிளைச் செயலாளரும் அவர்தான். ஞாயிறு மத்தியானம் மெஷினை மூடிவிட்டு அங்கேயே கிளைக் கூட்டம் நடத்துவார். மெஷின் எண்ணெய் வாசனை, துணிக் கஞ்சி வாசனை, நடுவில் பீடிப் புகை. கட்சிக்காரர்கள் துணி மூட்டை மேலும் பெஞ்சு மேலும் உட்கார்ந்து டெல்லி விவகாரம் ஒன்றைக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தபடியே கதிரேசன் அண்ணன் அதைக் கண்டித்துத் தீர்மானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கேயிருந்து தைரியம் வந்ததோ, "அண்ணே, ஜீப் ஸ்டாண்டுல பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் வேணும்னு தீர்மானம் போட மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ஒருத்தர் சிரித்தார். மற்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கதிரேசன் அண்ணன் ஊசியை நிறுத்தினார்.

"உறுப்பினரா இல்லாதவங்க கூட்டத்துல பேசக்கூடாது தாயி."

முகம் சுண்டிப்போய் நான் திரும்பினேன். பின்னாலிருந்து அவர் குரலே வந்தது. "அதனால மொதல்ல உறுப்பினராகு. அப்புறம் பேசு. யாரு தடுக்குறான்னு பாப்போம்."

அப்படித்தான் நான் கட்சிக்காரி ஆனேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நீங்கள் வேறு கட்சியாக இருந்தால் பாயசம் ஆறும்வரை சண்டைதான் போடுவோம்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் போனேன். என் பேச்சை வெட்டினார்கள், நானும் வெட்டினேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் அடுத்த வாரம் அதே மூட்டையில் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டிலோ கடையிலோ ஒரு ஆம்பளையிடம் "நீங்க சொல்றது தப்பு" என்று நான் சொன்னதே கிடையாது. அதைச் சொல்லிவிட்டு அவரோடேயே டீ குடிக்கலாம் என்று அந்தக் கடையில்தான் கற்றுக்கொண்டேன்.

பிறகு நகராட்சித் தேர்தல் வந்தது, எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நகரச் செயலாளர் ஒரு ஞாயிறு தையல் கடைக்கே வந்தார். ஊரில் பெரிய வியாபாரி ஒருவரின் மருமகளை நிறுத்துவதாக மேலே முடிவாகிவிட்டது என்றார். கிளையில் யாரும் அந்த மருமகள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. கதிரேசன் அண்ணன், "இங்கன ஒரு தடவை கேட்டுக்கிருவோம்ணே," என்று சொல்லி என் பெயரை முன்வைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். முதலில் ஒரு கைகூட எழவில்லை. அப்புறம் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆள் கையைத் தூக்கினார். பின்னாலேயே மற்ற கைகளும் எழுந்தன.

நகரச் செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "கட்சின்னா ஒரு கட்டுப்பாடு வேணும் கதிரேசா."

"முடிவெடுத்த பெறகு கட்டுப்பாடுண்ணே. முடிவெடுக்குற வரைக்கும் பேச்சு. பேசாமயே முடிவெடுக்குறதுக்கு எங்க கை எதுக்கு?"

அந்த ஒரு பேச்சில் மேலிடம் பணிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். உண்மை அது இல்லை. அண்ணன் மாவட்ட ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கட்சியை விட்டே நீக்கிவிடுவோம் என்று மிரட்டினார்கள். வீட்டில் அண்ணி, "துணி தைக்கிற சோலிய மட்டும் பாருங்க," என்று அழுதார். கடைசியில் அந்த மருமகளே, "கூட்டத்தக் கண்டா எனக்குத் தலை சுத்தும், நான் நிக்க மாட்டேன்" என்று மாமனாரிடம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வேறு ஆளைத் தேட நேரமில்லாமல்தான் எனக்கு சீட் கிடைத்தது. நான் பார்த்தேயிராத அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

என் முதல் தெருமுனைக் கூட்டம் பெரிய கூத்து. மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னேன். மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோய், மறுபடியும் வணக்கம் சொன்னேன். கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சொல்ல வந்ததை வெரசாச் சொல்லுடி, அடுப்புல சோறு கெடக்கு." எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் மலைக்குப் போகிற பெண்கள் தண்ணீர் குடிக்காமல் ஜீப் ஏறுவதை, எப்படி அம்மா என்னிடம் சொன்னாளோ அப்படியே சொன்னேன். பின்வரிசையில் கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

அப்படியும் தோற்றேன். ஜெயித்தது எதிர்க்கட்சியில் நின்ற மாரீஸ்வரி அக்கா. ரேஷன் கடைப் பக்கத்து வீடு, வாய் பெரிது, மனசும் பெரிது. நான் தையல் கடைக்குள் போய்த் துணி மூட்டை மேல் முகத்தை வைத்து அழுதேன். அம்மா முதுகைத் தடவி, "மதி, அழுதது மதி" என்றாள். கதிரேசன் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஜெயிச்சவங்களுக்கு மால வாங்குற சோலி இருக்கு. நமக்குத்தான் நெசமான சோலி. கேட்டுக்கிட்டே இருக்கணும்ல?" என்றார்.

கேட்டோம். மனு கொடுத்தோம். மலைக்குப் போகிற பெண்கள் லீவு நாளில்கூட எங்களோடு வந்தார்கள். ஜீப் ஸ்டாண்டில் காலியாகக் கிடந்த ஒரே இடத்தில் கக்கூஸுக்குப் பதில் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மாரீஸ்வரி அக்காவின் கட்சிக்காரர்கள் சிலருக்கு அந்தக் கடைகள் மேல் கண். நகராட்சியில் இதைப் பற்றிக் கூட்டம் நடந்த அன்றைக்கு நாங்கள் வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டோம். வெயில் ஏறியது, குரல் கம்மியது, ஒவ்வொருத்தராக நிழலுக்கு நகர ஆரம்பித்தார்கள். அப்போது மாரீஸ்வரி அக்கா வெளியே வந்தாள். எங்களைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். குழாயில் முகம் கழுவுகிற சாக்கில் என் பக்கம் வந்து, உதடு அசையாமல் சொன்னாள்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாக் கத்துங்கடி. உள்ள எங்காளுக மத்தியில என் பேச்சு எடுபட மாட்டேங்குது. வெளிய சத்தம் கேட்டாத்தான் அவங்களுக்குப் பயம் வரும்."

சொல்லிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தச் சலசலப்புக்கெல்லாம் நாங்க அசைய மாட்டோம்!" என்று கத்திவிட்டு உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிழலில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கத்தினோம். எதிர்க்கட்சி என்று ஒன்று எதற்கு என்று பிற்பாடு யார் கேட்டாலும் எனக்கு அந்தக் குழாயடிதான் கண் முன்னால் வரும்.

கக்கூஸ் கட்டிடம் வந்தது. திறப்பு விழாவில் மாரீஸ்வரி அக்கா அவர்கள் தலைவருக்கு நன்றி சொன்னாள், எங்களைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. கதிரேசன் அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. மறுநாள் விடிகாலையில் அம்மா தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்முன் குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, அவசரமில்லாமல், நின்று குடித்தாள். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கட்சி மேல் நான் எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு செம்புத் தண்ணீருக்காக அத்தனையையும் மன்னித்திருக்கிறேன்.

அடுத்த தேர்தலில் நான் ஜெயித்ததும், அப்போது மாரீஸ்வரி அக்கா வாசலில் உட்கார்ந்து எனக்கு எதிராகக் கத்தியதும் வேறு கதை. அவள் குரல் என் குரலைவிடக் கனம், எனக்கு அதனால் நிறையப் பலன்.

கதிரேசன் அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவருக்குப் பிறகு கிளைக்குச் செயலாளரை மேலிருந்து போட்டார்கள். நல்ல பையன்தான், போட்டோ எடுத்து அனுப்புவதில் கெட்டிக்காரன். கூட்டம் மட்டும் போடுவதில்லை. எதிர்த்தரப்பிலும் அதே கதைதான் என்று மாரீஸ்வரி அக்கா புலம்புகிறாள். இரண்டு கட்சிக்கும் தெருவில் முன்னைவிட உறுப்பினர்கள் அதிகம் என்கிறார்கள். யார் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. தையல் கடை இருந்த இடத்தில் இப்போது ஷட்டர் போட்ட குடோன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் போனால் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்டுகிற சத்தம் இல்லை, கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர் இல்லை. தெருவே நிம்மதியாகத் தூங்குகிறது.