மாமா செல்லில் ரெண்டு பொண்ணுங்க

எங்க மாமா செல்லைக் கையில எடுத்தாலே எனக்கு எரியும். இன்னைக்கும் எரியுது. அவர் அம்மாவோட தம்பி. அப்பா போனதுக்கப்புறம் எங்க வீட்டில அவர் சொன்னதுதான் சட்டம். கோல்ஃப் கிளப்பில ஆடுறவங்களோட குச்சிப் பையைச் சுமந்துக்கிட்டுப் பின்னாலேயே நடக்கிற வேலை. வேலையைக் குறை சொல்லல. பை சுமந்ததாலேயே ஆட்டம் முழுக்கத் தெரிஞ்சுபோச்சுன்னு ஒரு நினைப்பு இருந்துச்சு பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கிளப்பில ஒடைஞ்சுபோச்சுன்னு தூக்கிப் போட்ட ஒரு குச்சியை, காட்டுப்பன்னி விரட்ட ஆகும்னு மாமாதான் எப்பவோ கொண்டுவந்து போட்டிருந்தாரு. நான் அதுக்குத் துணி சுத்தி, எஸ்டேட்டுக்காரங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னாடி நின்னு அடிச்சுப் பழகினேன். பழைய தேயிலைச் செடியைப் பிடுங்கிட்டு, புதுசா நடாம கம்பெனி சும்மா விட்டிருந்த இடம் அது. பந்து நேரா ஓடைக்கு அந்தப் பக்கம் போய் விழும். அவ்வளவு சொகமா இருக்கும்.

கிளப்புக்கு லீவு விடுற திங்கக்கிழமையில வேலைக்காரங்க பிள்ளைங்களையும் உள்ள விடுவாங்க. அப்படி ஒரு நாள் நான் அடிச்சதை கிளப்பில மெம்பரா இருக்கிற ஒரு அம்மா பாத்துட்டு, கோயம்புத்தூர்ல ஒரு பயிற்சிப் பள்ளிக்குச் சொல்லிவிட்டாங்க. பொங்கல் கழிச்சுத் தேர்வு. எடுத்துக்கிட்டா அங்கேயே தங்கி ஆடலாம், படிக்கலாம். எடுக்கலைன்னா அம்மாவோட வேலை எனக்கு. அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் வந்துட்டிருந்துச்சு. வீட்டில ஒருத்தர் கொழுந்து கிள்ளப் போனாத்தான் லயத்து வீடு எங்களுக்கு. இந்த ரெண்டுல ஒண்ணுதான், மூணாவது வழி கிடையாது.

விசயம் தெரிஞ்ச அன்னைக்கே மாமா கோச் ஆயிட்டாரு!

செல்லில ஏதோ ஒரு ஆப் இறக்கிக்கிட்டு வந்தாரு. திரை ரெண்டா பிரியும். இந்தப் பக்கம் உலகத்துலயே பெரிய ஆட்டக்காரின்னு ஒரு கொரியாக்காரி, அந்தப் பக்கம் நான். ரெண்டு பேர் மேலயும் தலையிலிருந்து கால் வரைக்கும் சிவப்பில கோடு போடுவாரு. அவ கோடு நட்டுக்குத்தலா நிக்கும். என் கோடு பின்னால சாஞ்சு கெடக்கும்.

"ஏட்டி, அவளைப் பாரு, நட்ட கம்பம் மாதிரி நிக்கிறா. நீ குடிகாரன் மாதிரி மல்லாக்க விழுறே."

"பந்து நேராத்தானே போகுது மாமா?"

"பந்தை யாரு கேட்டா? உடம்பைச் சொல்றேன்."

அதோட விட்டாரா? அடுத்த வாரம் ஒரு அமெரிக்காக்காரனோட முட்டி. அதுக்கடுத்த வாரம் எவனோ ஒருத்தனோட மணிக்கட்டு. ஊர் உலகத்துல ஜெயிச்சவங்க உடம்பையெல்லாம் துண்டு துண்டா எடுத்து என் மேல ஒட்டப் பாத்தாரு. என் இடது தோளில மூங்கில் கம்பை வச்சு அழுத்துவாரு, "எறக்கு, இன்னும் எறக்கு"ன்னு. கொழுந்து எடை போட்டுட்டு வர்ற அக்காமார் நின்னு சிரிப்பாங்க. "என்னட்டி, இன்னைக்கு நீ ஜெயிச்சியா, கொரியாக்காரி ஜெயிச்சாளா?" எனக்கு அந்தக் கம்பைப் பிடுங்கி அவர் மண்டையில போடணும் போல இருக்கும். அம்மா என்னன்னா, "மாமன் உன் நல்லதுக்குத்தான் சொல்றான், வாயை மூடிக்கிட்டுக் கேளு"ன்னு அவருக்குக் கட்டங்காப்பி கொண்டுவந்து குடுக்கும்.

கேட்டுத் தொலைச்சேன். தோளை எறக்கி, இடது கால் மேல மொத்தப் பாரத்தையும் போட்டு நின்னேன். குச்சி போய் மண்ணில குத்துச்சு. பந்து பக்கத்துப் புதருக்குள்ள போச்சு. மாமாவுக்கோ தலைகால் புரியாத சந்தோசம். செல்லில கோடு நேரா வந்துருச்சாம்!

"பந்து போகும்டி, பொறு. மொதல்ல கோடு."

மார்கழி முழுக்க அந்தக் கோட்டுக்காக நின்னேன். கடைசியில தூக்கத்துல எழுப்பி நிக்கச் சொன்னாலும் தோள் தானா எறங்குற அளவுக்கு ஆயிருச்சு.

தேர்வுக்கு முந்தின ராத்திரியே போடிமெட்டு மலை எறங்கி, பஸ் மாறி மாறிக் கோயம்புத்தூர் போனோம். தேர்வு நடக்கிற மைதானத்துல மொத தடவை கால் வச்சேன். எங்க பக்கத்துல கால் வழுக்காம நிக்க முடிஞ்சா அதுக்குப் பேரு சமதளம். இங்க நெசமாவே தோசைக்கல்லு மாதிரி கெடக்கு. குச்சியைப் பிடிச்சு நின்னா இடது காலுக்குக் கீழ மண்ணே இல்லாத மாதிரி இருக்கு. ஓங்கி அடிச்சேன். புல்லுக்கட்டி பறந்துச்சு, பந்து அங்கேயே கெடந்துச்சு. திரும்ப அடிச்சேன். எலி மாதிரித் தரையோட ஓடுச்சு. சுத்தி நின்ன பிள்ளைங்க மரியாதைக்குச் சிரிக்காம நின்னதுதான் எனக்குத் தாங்கல.

தேர்வு எடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர், மெதுவா வந்தாரு. "ஏனுங் கண்ணு, இப்படி எடப்பக்கமா உழுகற மாதிரி நிக்கறீங்களே, இதை யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

நான் வாயைத் திறக்கும் முன்னாடி மாமா செல்லோட உள்ள வந்துட்டாரு. மொதல்ல நான் எப்படிக் கெட்டுக் கெடந்தேன், அவர் எப்படித் திருத்தினாருன்னு, ஆரம்பத்துல எடுத்த வீடியோவையும் கொரியாக்காரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாரு. பெருமை தாங்கல.

தேர்வு எடுத்தவர் பாத்தாரு. "இது மேடுங்களா?"

"இல்லைங்க, சமதளம்," ன்னாரு மாமா. பொய் சொல்லல அந்த மனுசன். நெசமாவே அப்படித்தான் நம்பினாரு. பொறந்ததுலேயிருந்து அதுலதானே நிக்கிறாரு!

கோயம்புத்தூர்க்காரர் செல்லைக் கையில வாங்கி, படத்துல மண்ணு மட்டமா தெரியுற வரைக்கும் மெல்லச் சாச்சாரு. என் மேல போட்டிருந்த சிவப்புக் கோடு எந்திரிச்சு நேரா நின்னுச்சு. "பொண்ணு சாயலீங்க. நெலந்தான் சாஞ்சிருக்குது. மேட்டுக்குத் தகுந்த மாதிரி அருமையா நின்னிருக்குது," ன்னாரு. அப்புறம் என்னைப் பாத்து, "அப்ப அடிச்ச மாதிரி ஒருக்கா அடிங் கண்ணு, பாக்கலாம்," ன்னாரு.

அடிச்சேன். வரல. மறுபடியும் அடிச்சேன். தோள் தானா எறங்குது. எப்படி நின்னேன்னு எனக்கே மறந்துபோச்சு. அவர் ரொம்ப நேரம் பொறுத்துப் பாத்துட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாரு.

திரும்பி வர்ற பஸ்ல மாமா ஒரு வார்த்தை வருத்தமாப் பேசினாருன்னு நினைக்காதீங்க. செல்லைச் சாச்சுச் சாச்சுப் பாத்துக்கிட்டே வந்தாரு. முகமெல்லாம் பல்லு. பக்கத்து சீட்டுக்காரர்கிட்டயும் காட்டுறாரு. "பாருங்க, இந்தக் கொரியாக்காரியும் எங்க பிள்ளையும் அச்சு அசல் ஒண்ணு! ஏட்டி, நீ பெரிய ஆளா வருவேன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

வந்துச்சு பாருங்க எனக்கு. பஸ்ஸே திரும்பிப் பாக்குற மாதிரி சொன்னேன். "வந்திருப்பேன் மாமா. நீங்க அந்த எழவெடுத்த செல்லை எடுக்காம இருந்திருந்தா வந்திருப்பேன்."

வீட்டுக்கு வந்து மாமா எங்க அம்மாகிட்டச் சொன்னது, பிள்ளைக்கு வாய் நீளம், அதான் எடுக்கலைன்னு. பங்குனியில எஸ்டேட்டு ஆபீஸில, கொழுந்து கிள்ளுறவங்க பேர் இருக்கிற நோட்டுல, அம்மா பேரை அடிச்சுட்டு அதுக்கு மேல என் பேரை எழுதினாங்க.