மயில் கழுத்துக் கலரில் இரண்டு பேக்

பொறாமையைப் பற்றி யாராவது பேச்சை எடுத்தால் நான் சத்தம் போடாமல் எழுந்து போய்விடுவேன். நகை, வீடு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க், இதற்கெல்லாம் என் வயிறு எரிந்ததே இல்லை. சத்தியமாக. ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் எரிந்தேன். அதுவும் சாதாரணமாக இல்லை, வாயில் வைத்த சோறு இறங்காத அளவுக்கு. என் தோழியின் ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள் அவள்.

முதலில் தோழியைச் சொல்லிவிடுகிறேன். காலேஜ் முதல் வருஷத்தில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி இரண்டு பேருமே ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தோம். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. நான் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவள் கன்டோன்மென்ட் பக்கம் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. தினமும் காலையில் அம்மா மண்டபம் ரோடு வழியாகக் காவிரிப் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருவோம். மழை பெய்தால் குடையோடு நடப்போம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்க வேண்டும். கேட்டுக்கொண்டெல்லாம் வாங்குவதில்லை. சின்னக்கடைத் தெருவில் ஒரு புடவை என் கண்ணில் பட்டால் அவளுக்கும் அதே புடவை. அவள் வாங்கிய குடை மாதிரியே என்னிடமும் ஒன்று இருக்கும். டிபன் பாக்ஸ், ஸ்கூட்டர் ஹெல்மெட் எல்லாம் ஜோடிதான். ரெட்டைப் பிறவிகளா என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது உள்ளுக்குள் இனிக்கும்.

இதற்கு நடுவில்தான் அந்தப் புதியவள் வந்தாள். வீடு துவாக்குடியில். நாற்பது வயதுதான் இருக்கும். இமயமலைக்கு மூன்று முறை போய், முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு நாள்கணக்கில் நடந்தவளாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் போட்டோக்களைக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை நடையில் என் தோழி வேறு பேச்சே பேசவில்லை. ‘அவ சொல்றா’ என்று ஆரம்பித்தால் பனி, ‘அவ சொல்றா’ என்று ஆரம்பித்தால் ஓடை. பாலத்தை எட்டுவதற்குள் பதினோரு தடவை. கணக்கு டீச்சர் ஆயிற்றே, எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மே மாதத்தில் உத்தராகண்ட் பக்கம் ஐந்து நாள் நடை, ஒரு குழுவோடு புதியவள் போகிறாள், நாமும் போகலாம் என்றாள் தோழி. எனக்கும் லீவுதான். வீட்டில் கேட்டதற்கு, பாலம் வரைக்கும் நடக்கிறவள் இமயமலையிலும் நடக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சரி சொல்லிவிட்டார். அவரவர் மூட்டையை அவரவர்தான் சுமக்க வேண்டும். ஒரு டெண்டில் இரண்டு பேர் படுக்க வேண்டும். அதைக் கேட்டதுமே, யார் யாரோடு என்று கேட்டேன்.

“அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டி,” என்றாள், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

இருபத்தாறு வருஷத்துத் தோழிக்கு அதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? திருச்சியிலிருந்து போவது மூன்று பெண்கள். டெண்டுக்கு இரண்டு பேர். மிச்சம் ஒருத்தி. இதற்குக் கணக்கு டீச்சர் தேவையில்லை. அந்த மிச்சம் நானாகிவிடக் கூடாது. அன்றையிலிருந்து எனக்கு இது ஒன்றுதான் நினைப்பு.

அடுத்த வாரம் தோழி வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து காபி குடித்தோம். புதியவள் பேக்கைப் பற்றிப் பாடம் எடுத்தாள். மலைக்குச் சுமக்கிற பேக் ஸ்கூல் பேக் மாதிரி இல்லையாம். முதுகுப் பக்கம் துணிக்கு உள்ளேயே அலுமினியக் கம்பி வைத்துத் தைத்திருப்பார்களாம், வெளியே தெரியாதாம். அந்தக் கம்பிதான் பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் கொண்டுபோய் வைக்குமாம். ஆனால் பேக்கின் நீளம் நம் முதுகின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கம்பி இருந்தும் பிரயோஜனம் இல்லை என்றாள். பேக்கை லிட்டரில் அளப்பார்களாம், ஐம்பது லிட்டர் போதுமாம். இதென்ன பேக்கா தண்ணி டாங்க்கா என்று கேட்டேன். வேறு நாளாக இருந்தால் தோழி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு, “சும்மா இருடி, அவ சொல்றதைக் கேளு,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தான் டேப்போடு வருவதாகவும், இரண்டு பேருக்கும் முதுகை அளந்துவிட்டுச் சேர்ந்தே கடைக்குப் போகலாம் என்றும் புதியவள் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தோழியின் முதுகை நேற்று வந்தவள் டேப் வைத்து அளப்பதா? காபியைப் பாதியில் வைத்துவிட்டு, பேப்பர் திருத்த வேண்டும் என்று பொய் சொல்லிக் கிளம்பினேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரைநாள்தான். ஸ்கூட்டரை நேரே தில்லைநகருக்கு விட்டேன். அங்கே ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் இந்த மாதிரி பேக் வைத்திருக்கிறார்கள் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். கடைக்காரர் நடுவயசு மனிதர், பொறுமைசாலி. ஐந்தாறு பேக்கை இறக்கி வைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? புடவைக் கடையில் செய்வதைத்தான் செய்தேன். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் கலரைப் பார்த்தேன். உள்ளே தையல் நேராக ஓடியிருக்கிறதா என்று பார்த்தேன். அதில் ஒன்று மயில் கழுத்துக் கலர். பச்சையும் நீலமுமாக, திருப்பினால் ஒரு நிறம், நிமிர்த்தினால் ஒரு நிறம். என் தோழிக்கு உயிரான கலர்.

அதையே இரண்டாகக் கொடுங்கள் என்றேன். யாருக்கு என்ன சைஸ் என்று கேட்டார். சின்னது, பெரியது என்று இரண்டு சைஸ் வருமாம். மயில் கழுத்து சின்னதில்தான் இருக்கிறது, பெரியதில் சாம்பல் கலர் மட்டும்தான் என்றார். ஒன்றை நான் மாட்டிப் பார்த்தேன். அப்படியே முதுகில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவரே மணல் மூட்டை ஒன்றை உள்ளே வைத்து இடுப்பு வாரை இழுத்துவிட்டார். தோளில் பாரமே தெரியவில்லை. இன்னொருவரையும் கூட்டி வந்து மாட்டிப் பார்த்துவிடுங்கம்மா என்றார்.

“நாங்க ரெண்டு பேரும் ஒரே உயரங்க. எனக்குச் சரியா இருந்தா அவளுக்கும் சரியா இருக்கும்,” என்றேன்.

ஒரே உயரம்தான், பொய்யில்லை. தோளோடு தோள் நின்றால் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. ஆனால் எனக்குக் கால் நீளம், முதுகு குட்டை. அவளுக்கு நேர்மாறு. காலம் பூராவும் புடவை கட்டியவளின் இடுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? என் புடவையை அவளும் அவள் புடவையை நானும் கட்டியிருக்கிறோம், ஒரு நாளும் குறைந்ததில்லை, மிஞ்சியதில்லை. அந்தத் தைரியத்தில் வாங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கலரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் புதியவள் டேப்போடு வந்து நின்றாள். ஹாலில் இரண்டு பேக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நல்ல பேக்தான் என்று எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகு அளவு பார்த்து வாங்கினீர்களா அக்கா என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

“அந்த முதுகை நான் இருபத்தாறு வருஷமா பாத்துட்டு இருக்கேன்,” என்றேன்.

அவள் டேப்பைச் சுருட்டி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. வீட்டுக்குப் போய் வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

பயிற்சி வேண்டும் என்று பொன்னி அரிசி பாக்கெட்டுகளையும் தண்ணீர் பாட்டிலையும் பேக்கில் அடைத்துக்கொண்டு பாலத்தில் நடந்தோம். யாத்திரையா, எந்த ஊருங்க என்று பூக்காரம்மா கேட்டார். எனக்கு நடப்பது தெரியவே இல்லை, அவ்வளவு சுகமாக இருந்தது. தோழிதான் கொஞ்சம் பின்தங்கினாள். இடுப்பு வார் அவளுக்கு இடுப்பில் நிற்காமல் வயிற்றின் மேல் ஏறி நின்றது. கவனித்தேன். இறக்கிக் கட்டிக்கோ என்று மட்டும் சொன்னேன். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூர் போய், அங்கிருந்து பச்சைமலைக்குப் போனோம். மூன்று பேரும்தான். நான் முன்னால் விறுவிறுவென்று ஏறினேன். அவர்கள் இரண்டு பேரும் இருபதடி பின்னால் வந்தார்கள். குசுகுசுவென்று பேச்சு. நான் நின்று திரும்பினால் பேச்சு நின்றுவிடும். டெண்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது. ஒரு இடத்தில் திரும்பிப் பார்க்கிறேன், புதியவள் தன் துண்டை நாலாக மடித்துத் தோழியின் தோளுக்கும் வாருக்கும் நடுவில் செருகிக்கொண்டிருக்கிறாள். இவளுக்கென்ன கையில்லையா, அவள் எதற்கு இழைந்துகொண்டு நிற்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ்ஸிலும் தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திங்கள், செவ்வாய் தோழி நடைக்கு வரவில்லை. காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று மெசேஜ் அனுப்பினாள். புதன்கிழமை சாயங்காலம் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். தலைக்குக் குளித்துவிட்டு நைட்டியில் நின்றிருந்தாள். தலையைத் துவட்டக் கையைத் தூக்கியபோது கழுத்துத் துணி விலகியது. இரண்டு தோளிலும் தோல் உரிந்து, சுற்றிலும் நாவல்பழ நிறத்தில் கன்றிப் போயிருந்தது. பேக்கின் வார் போகிற அதே தடம்.

ஃப்ரிட்ஜின் மேல் ஆயின்மென்ட் ட்யூப் ஒன்று பாதிக்கு மேல் பிதுக்கிச் சுருட்டியிருந்தது. இது யார் கொடுத்தது என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம், புதியவள்தான். காயத்தைப் பார்த்துப் பதறியிருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது அதே பாழாய்ப்போன எரிச்சல்தான்.

“அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்ல வாயில்லையா உனக்கு?”

அவள் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். “அவகிட்ட சொன்னா அவ மருந்து தருவா. உன்கிட்ட சொன்னா, நான் உக்காந்து உன்னைச் சமாதானம் பண்ணணும்.”

ரசப் பாத்திரத்தை அடுப்பு மேடையில் வைத்தேன். அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் அழுதால் அவள்தான் கண்ணைத் துடைக்க வேண்டியிருக்கும். மன்னிப்பு கேட்கவெல்லாம் எனக்கு வராது. போனை எடுத்துப் புதியவளை நானே கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கிட்டு வாங்க என்றேன். சரிங்கக்கா என்றாள்.

வந்தாள். தோழியைக் குனியச் சொல்லி, பின்கழுத்தில் புடைக்கிற எலும்பில் டேப்பின் நுனியை வைத்தாள். இடுப்பெலும்புக்கு நேராக மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள், நான் பிடித்தேன். அடுத்து எனக்கும் அளந்தாள். இரண்டுக்கும் இரண்டரை அங்குலம் வித்தியாசம். அந்த பேக் உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது அக்கா என்றாள் புதியவள். குத்திக்காட்டச் சொல்லவில்லை, நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

மூன்று பேரும் தில்லைநகர் போனோம். சாம்பல் கலர், பெரிய சைஸ். மணல் மூட்டையை வைத்து வாரை இழுத்ததும் தோழி கண்ணை மூடித் திறந்தாள். இடுப்பிலேயே நிக்குதுடி என்றாள். கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். புதியவள் துவாக்குடிக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது சத்திரம் பக்கம் கரும்பு ஜூஸ் கடையில் நிறுத்தினோம்.

எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது. நானாகக் கூப்பிட்டேன், நானாக டேப் பிடித்தேன், ஜோடி போனாலும் போகட்டும் என்று சாம்பல் பேக்கை வாங்க விட்டேன். இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்வாள்? அந்தத் தெம்பில்தான் கேட்டேன், டெண்டில் யாரோடு இருக்கப் போகிறாய் என்று.

அவள் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தாள். “ஃபாரம் நிரப்பும்போது மொத நாளே உன் பேரைத்தான் போட்டேன். கடைசி நேரத்துல சொல்லி உன்னைச் சிரிக்க வைக்கலாம்னு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “பச்சைமலைக்குப் போயிட்டு வந்தப்புறம் மாத்திட்டேன்.”

பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. என் முகம் சுருங்குவது எனக்கே தெரிந்தது. உதடு, கண், எல்லாம் அதன் பாட்டுக்கு இறங்கியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக எத்தனையோ தடவை பார்த்த மாதிரியேதான் பார்த்தாள். அடுத்து என் கையைப் பிடிப்பாள், அப்படியில்லடி என்று ஆரம்பிப்பாள். கையை நீட்டவும் நீட்டினாள்.

“தோள் இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது.

“வலிக்குதுடி,” என்றாள்.