துரைச்சி கேட்கக் கூடாத வாக்குமூலம்

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்த வீரணனுக்கு, டியூப் ஒட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் துரைச்சி புராணம்தான். துரைச்சி அவர் வளர்த்த, கன்னி என்கிற வேட்டை இனத்து நாய். கறுப்பு உடம்பு, ஒட்டிய வயிறு, கூர்மூஞ்சி. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருகிற பேராசிரியர்கள், அவள் முயல் பிடித்த கதையைக் கேட்டபிறகே காற்று அடித்துக்கொள்ள முடியும். கேட்காதவர் வண்டியில் காற்று கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். பெற்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு நாளாவது இப்படிப் பெருமையாகப் பேசியதுண்டா என்று மனைவி ராக்கம்மாள் கேட்பாள். பிள்ளைகள் முயல் பிடிக்கவில்லையே என்பார்.

தொண்ணூற்றெட்டு மாசியில் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. வருஷா வருஷம் சிவராத்திரி கழிந்ததும் ஊரே சாமி கும்பிட்டுவிட்டு, நாய்களோடு கரட்டுக் குன்றுப் பக்கம் முயல் பிடிக்கப் பாரிவேட்டை போவது வழக்கம். முயல் வேட்டை சட்டப்படி குற்றம், இனி நாயை அவிழ்த்துவிட்டால் ஆளுக்கொரு கேஸ் என்று வனத்துறையினர் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். வேண்டுமானால் கயிற்றில் துணிமுயலைக் கட்டி இழுத்துப் பந்தயம் விட்டுக்கொள்ளலாமாம். துணியைத் துரத்தத்தான் ஆசையென்றால் கொடியில் காய்கிற வேட்டி போதாதா, அதற்கு எதற்குப் பந்தயம் என்று வீரணன் கொதித்தார்.

அவர் மூட்டிவிட்டதில், ஊர்க்காரர்கள் நாய்களோடு போய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மனிதர்கள் ஒழுங்காகப் பட்டினி கிடந்தார்கள். நாய்களுக்கு அந்த நியாயம் புரியவில்லை. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களின் பிரியாணிப் பொட்டலங்கள் முக்கால்வாசி காணாமல் போனபிறகு, விசாரித்து முடிவு சொல்ல ஓர் அதிகாரியைப் போட்டார்கள்.

ஊருக்காக வாதாட வந்தவர் பசுமலை வக்கீல் வெங்கடரமணன். சௌராஷ்டிரக்காரர், முட்டைகூடத் தொடாதவர், முயலைப் படத்தில்தான் பார்த்திருந்தார். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முயல் சிக்கினால்தானே வேட்டை? இந்த நாய்கள் இதுவரை ஒன்றையும் பிடித்ததில்லை, பிடிக்கவும் தெரியாது, சாமி பேரைச் சொல்லிச் சும்மா ஓடுகின்றன. எல்லோரும் இதை மட்டும் சொல்லுங்கள், அனுமதிக்கு நான் பொறுப்பு என்றார்.

அறைக்குள் அத்தனை நாய்களுக்கு இடமில்லாததால் விசாரணை வேப்பமரத்தடியில் நடந்தது. சிவனாண்டி தன் நாய்க்கு மாலைக்கண் என்றார். நல்லகாமன், தன் நாய் முயலைக் கண்டால் தன் காலுக்குள் வந்து ஒளியும் என்று சத்தியம் செய்தார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே வந்தார். காரியம் கிட்டத்தட்டக் கைகூடிவிட்டது.

கடைசியாக வீரணன் எழுந்தார். துரைச்சி அவர் முகத்தையே பார்த்து வாலை ஆட்டினாள். அவர் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"ஐயா, நாயக் கொஞ்சம் அங்கிட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அப்பறம் சொல்றேன்."

அதிகாரி ஏன் என்று கேட்டார்.

"அவ முன்னாடி எப்பிடிய்யா சொல்றது? மனசு விட்டுப்போயிருவா."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, அப்படியானால் எத்தனை பிடித்திருக்கிறாள் என்று கனிவாகக் கேட்டார். அந்தக் கனிவில் வீரணன் விழுந்தார். போன மாசியில் மட்டும் நாலு, அதில் ஒன்று கள்ளிப்புதருக்குள் புகுந்தும் விடவில்லை என்று கண்ணில் நீர் கட்டச் சொன்னார். நல்லகாமனுக்குப் பொறுக்கவில்லை. அந்த நாலில் இரண்டு தன் நாய் பிடித்தது என்று எழுந்தார். மாலைக்கண் நாயின் சொந்தக்காரர் மூன்றாவதற்கு உரிமை கொண்டாடினார். பிறகு ஊரே எழுந்து நின்று தன் தன் முயல்களைக் கேட்டது. அதிகாரி ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இனி எந்த வருஷமும் நாயை அவிழ்க்கக் கூடாது என்று முடிவாயிற்று. பழைய முயல்களுக்குக் கேஸ் போடாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

பஸ் ஸ்டாப்பில் வக்கீல் பொரிந்து தள்ளினார். ஒரே ஒரு பொய், நாயைப் பார்க்காமல் சொல்லித் தொலைத்திருந்தால் இந்நேரம் அனுமதி கையில் இருக்கும் என்றார். வீரணன் துரைச்சியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அழுதார்.

"அனுமதி வாங்கிருக்கலாந்தான் வக்கீலய்யா. ஒண்ணுக்கும் ஆகாத நாயின்னு நானே சொல்லிட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவள அவுத்துவிடுவேன்?"